லுப்னா பார்த்த வெள்ளை

ஓடிப்போனாளாமே! யார் பார்த்தது? ஓடுகிறவள் வாசலில் நின்று செருப்பின் வாரை நிதானமாக மாட்டிக்கொண்டா போவாள்? அவள் இருக்கும் எர்ணாவூர்க் குடியிருப்பில் ஒரு மாடிக்கு ஒரு கதை நடக்கிறது. லுப்னாவின் எக்ஸ்ரே மிஷின்தான் பிள்ளைகள் எலும்பில் கோடு போட்டதாம். அகப்பட்டுக்கொண்டதும் கிளம்பிவிட்டாளாம். குழாயடியில் பக்கத்து வீட்டு யசோதரா இதை ராகம் போட்டுச் சொல்கிறாள். சொல்லட்டும், வாய்க்கு வாடகையா கொடுக்கிறாள்? ஆனால் நடந்தது வேறு.

லுப்னா பிறந்தது வண்ணாரப்பேட்டை. அப்பா ரஷீது துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். "கண்ணை மூடிக்கினு தூக்கினாலே உள்ள இன்னா கீதுன்னு சொல்லிடுவேன்" என்பது அவருடைய பெருமை. மகள் அவரையும் மிஞ்சினாள். மூடிக் கிடக்கும் மனித உடம்புக்குள் பார்க்கிற படிப்பைப் படித்து, வெள்ளத்துரை நடத்தும் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்க உட்கார்ந்தாள். பத்தொன்பது வருடம் அதே அறை. புருஷன் மொஹ்சின் கன்டெய்னர் லாரியோடு மாதத்தில் பாதி நாள் வெளியூரில். வீட்டில் பிள்ளை இல்லை. அதற்கும் மிஷின்தான் காரணம் என்று பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த அறைக்குள் போனவர்களுக்குத் தெரியும். சத்தமில்லை, சூடில்லை, ஒரு வெளிச்சமும் இல்லை. ஒரு சின்ன 'பீப்'. அவ்வளவில் நம்மை ஊடுருவி ஒன்று போய்விட்டிருக்கும். நெஞ்சுக்கூட்டில் காற்று இருக்கும் இடத்தைத் தடையில்லாமல் கடந்துவிடும். சதையில் கொஞ்சம் தங்கும். எலும்பின் சுண்ணாம்பில் நிறையத் தங்கும். கடந்து வந்தது படத்தில் கறுப்பாக விழும். வராமல் போனது வெள்ளை. வெள்ளையாகத் தெரிவது வெளிச்சம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை, அது எதுவுமே வந்து சேராத இடம். படமே ஒரு நிழல்தான்.

இன்னொன்றும் லுப்னா சொல்வாள். கேட்டால் முதுகு சில்லிடும். தடுப்புச் சுவருக்குப் பின்னால் அவள் ஒளிவது மிஷினுக்குப் பயந்து மட்டுமல்ல. மேஜையில் படுத்திருக்கும் ஆளின் உடம்பில் மோதிய கதிரில் ஒரு பங்கு நாலு பக்கமும் சிதறும். அந்த ஒரு நொடி, படுத்திருப்பவரே கண்ணுக்குத் தெரியாத விளக்குபோல இருப்பார். வயதான அம்மா, மூக்கொழுகும் பிள்ளை, யாரானாலும். அந்தச் சிதறலைத் தடுக்கத்தான் சுவருக்குள் ஈயத் தகடு. கூடவே நின்று பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும் தாய்க்கு ஈய அங்கி. ஈயத்தை இந்தக் கதிரால் லேசில் கடக்க முடியாது.

இத்தனை வருடத்தில் அவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. மார்க்கெட்டில் தெரிந்தவர் எதிரே வந்தால் முகத்துக்கு முன்னால் எலும்பு ஞாபகம் வரும். 'இது வளைந்த முதுகு, இது தகடு வைத்த தொடை' என்று மனதுக்குள் ஓடும். அதனால்தான் சில நேரம் சலாம் சொல்ல மறந்து வெறித்துப் பார்த்தாள். "அவ கண்ணு கண்ணே இல்ல, உள்ள பூந்து வருது" என்று யசோதரா முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள்.

நெட்டுக்குப்பத்திலிருந்து ரெஜினா தன் ஆறு வயது மகள் ஜானட்டைத் தூக்கிக்கொண்டு வந்த நாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. படகுத் துறையில் விழுந்து முழங்கால் வீங்கியிருந்தது. பத்து நாளாக வயிற்று வலி வேறு. இரண்டுக்கும் படம் எடுக்கச் சொல்லி டாக்டர் சீட்டு கொடுத்திருந்தார்.

"மூச்சு புட்ச்சிக்கோடா தங்கம். மீன் மாரி கண்ணத் தொறந்துகினு அசையாம இரு."

"மீனு அசையுமே ஆன்ட்டி."

"கூடைல கீற மீனு அசையுமா? அந்த மாரி."

பிள்ளை அப்படியே கிடந்தது. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று லுப்னா பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

கணினியில் படம் விரிந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் முட்டியைச் சுற்றி, எலும்பு வளர்கிற ஓரங்களில், சுண்ணாம்புக் கட்டியால் அழுத்தி இழுத்ததுபோலக் கெட்டியான வெள்ளைக் கோடு. வளரும் பிள்ளைக்குப் பெரிய எலும்பில் லேசாக வெள்ளை தெரிவது உண்டுதான். பக்கத்தில் உள்ள ஒல்லி எலும்பிலும் அதே கோடு இருந்ததுதான் அவளை உலுக்கியது. அடுத்தது வயிற்றுப் படம். குடல் நெடுக வெள்ளைப் பொட்டுகள், இருட்டில் கண்கள்போல. இடது பக்கம் என்று அடையாளம் காட்ட ஓரத்தில் ஓர் ஈய எழுத்து வைப்பாள். பொட்டுகளும் அந்த எழுத்தும் ஒரே வெள்ளை.

எங்கிருந்தோ படம் பார்த்து எழுதும் டாக்டர் 'முறிவு இல்லை' என்று அனுப்பினார். சீட்டு கொடுத்த டாக்டரோ, "மண்ணு தின்னிருக்கும்மா" என்று போனை வைத்துவிட்டார். லுப்னா பழைய படங்களைத் தேடினாள். நாலு மாதத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள், இரண்டு முட்டிகள், அதே கோடு. முகவரியும் அதே தெரு.

மறுநாள் மத்தியானம் அந்தத் தெருவில் நடந்தாள். வெயிலில் ஓர் ஆள் இல்லை. ஒவ்வொரு கதவுக்குள்ளிருந்தும் சின்னதாக ஒரு சத்தம் வந்தது. கட். கொஞ்சம் பொறுத்து, கட். பல்லி என்றுதான் முதலில் நினைத்தாள்.

ரெஜினா வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஜானட் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் வலையின் ஓரக் கயிறு. பக்கத்தில் கிண்ணம் நிறைய, வலை நீரில் அமிழக் கோக்கும் பிளந்த ஈயக் குண்டுகள். ஒன்றை எடுத்துக் கயிற்றில் பொருத்தி, கடைவாயில் வைத்து, கட். பிளவு மூடிக்கொண்டது. அடுத்தது. அடுப்பில், குண்டு வார்க்கப் பழைய பேட்டரித் தகடு உருக்கிய இரும்புச் சட்டி.

முகத்துவாரத்தில் இறால் குறைந்த பிறகு அந்தத் தெருவே கூலிக்கு வீச்சு வலை கட்டியது. குறடு குண்டை நசுக்கிவிடும், பல்தான் பதமாக மூடும் என்பது அவர்கள் கணக்கு. பால் பல் இன்னும் பதம்.

"வாயில போடாதடா, கசக்கும்."

ஜானட் சிரித்தாள். ஈறின் ஓரம் நீலமாக இருந்தது. "இல்ல ஆன்ட்டி. இனிக்குது."

லுப்னா ரெஜினாவிடமும் அவள் புருஷன் டென்னிஸிடமும் ஒளிக்காமல் சொன்னாள். இதே தெருவில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் இந்தக் கோடு இருக்கிறது. கடிக்கும்போது விழுங்கிய ஈயம் பிள்ளையின் ரத்தத்தில் ஏறியிருக்கும். எலும்பு வளரும் இடத்தில் அது சுண்ணாம்பை இறுக வைக்கிறது, அதுதான் கோடு. அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்க வேண்டும், விட்டால் மூளைக்குப் போகும்.

டென்னிஸ் வாய்விட்டுச் சிரித்தான். "எங்க பாட்டன் கட்ச்ச ஈயம்க்கா. எண்பது வயசு வரிக்கும் கல்லு மாரி இருந்தாரு."

அன்று சாயங்காலமே பேச்சு கிளம்பியது. மிஷினில் படுத்த பிள்ளைகள் மூன்று, கோடு வந்ததும் மூன்று பேருக்கு. படுக்காத பிள்ளைகளுக்குக் கோடு இருப்பதாக யாராவது சொன்னார்களா? அப்படியானால் கோடு போட்டது யார்? படம் எடுக்காத பிள்ளையின் எலும்பை யார் பார்த்தார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. சென்டருக்குக் கல் விழும் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் காலையில் ரெஜினா மீன் கூடையோடும் பிள்ளையோடும் வந்து சென்டர் வாசலில் நின்று கத்தினாள். "எம் பொண்ணுக்கு இன்னாடி பண்ண? போட்ட கோட்ட நீயே அழி!"

லுப்னா பதிலுக்குக் கத்தவில்லை. "கூடைல இன்னா மீனு?"

"மடவை. அத்த எதுக்கு நீ கேக்கற?"

"ஒண்ணு குடு. இடுப்புப் பையில குண்டு கீதா? அதுல ஒண்ணு."

உள்ளே போய் எக்ஸ்ரே தட்டின்மேல் மீனையும் குண்டையும் வைத்தாள். கிழிந்துபோன பழைய ஈய அங்கியின் ஒரு மூலையையும் வைத்தாள். ஒருமுறை அல்ல, மூன்றுமுறை எடுத்தாள். படத்தில் மீன் சாம்பல் நிறப் புகைபோல மிதந்தது, முள் ஒவ்வொன்றும் சீப்புப் பல்லாகத் தெரிந்தது. எதன் ஓரத்திலும் கோடில்லை. குண்டும் அங்கியும் மட்டும் படத்தில் ஓட்டை விழுந்ததுபோல வெள்ளை.

"மூணு தபா எடுத்தேன். மிஷின் கோடு போடுமின்னா மீனுக்கும் போட்டிருக்கணும்." பக்கத்தில் ஜானட்டின் வயிற்றுப் படத்தைத் திறந்தாள். "இந்தப் பொட்டப் பாரு, உன் குண்டப் பாரு. நீயே சொல்லு."

ரெஜினா பார்த்தாள். தன் பிள்ளைக்குள்ளிருந்து அத்தனை வெள்ளைக் கண்களும் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு. கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்தாள்.

அப்போதுதான் வெள்ளத்துரை உள்ளே வந்தார். கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். ஒரு தாளை நீட்டினார். "ஏம்மா லுப்னா, நமக்கெதுக்கும்மா இந்தப் பொல்லாப்பு? மிஷின்ல தூசி, மூணு படமும் சரியில்லன்னு ஒரு கையெழுத்துப் போட்டுரு. ஊரு அடங்கிரும்."

"எழுதினா இந்தப் படத்த ஆஸ்பத்திரில யாரு சார் நம்புவாங்க?"

"அது அவங்க பாடு."

"பாப்பா திரும்பப் போயி குண்டு கடிக்கும்."

"கையெழுத்துப் போடலன்னா உனக்கு இங்க வேலை இல்லம்மா. நான் என்ன செய்யட்டும்?"

லுப்னா ரெஜினாவைப் பார்த்தாள். ரெஜினா சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். பிள்ளையின் கையை எடுத்து லுப்னாவின் கையில் வைத்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

நெஞ்சில் குத்தியிருந்த கதிர் அளக்கும் பேட்ஜைக் கழற்றி மேஜையில் வைத்தாள் லுப்னா. ஈய அங்கியை மடித்தால் விரிசல் விடும் என்று எப்போதும்போல நீவிக் கொக்கியில் தொங்கவிட்டாள். மூன்று பிள்ளைகளின் படங்களையும் உறையில் போட்டு எடுத்துக்கொண்டாள். மற்ற இரண்டு வீட்டுக்கும் போக வேண்டும், ஆனால் முதலில் ஆஸ்பத்திரி. வாசலில் தெருச் சனம் நின்றது. யசோதராவும் நின்றாள். யாரும் கல்லை எடுக்கவில்லை, வழியும் விடவில்லை. லுப்னா குனிந்து செருப்பின் வாரை மாட்டி நிமிர்ந்தபோது, அங்கே இருந்த சின்னப் பிள்ளைகளின் முட்டிகள் மட்டும்தான் அவள் கண்ணில் பட்டன.

அந்த அமைதியில், பக்கத்தில் நின்ற ஜானட்டின் வாயிலிருந்து சத்தம் வந்தது. வாயில் குண்டு இல்லை. பற்கள்தான் பழக்கத்தில் தாமாகவே மூடிக்கொண்டன.

கட்.

கூட்டம் விலகியது. லுப்னா பிள்ளையின் கையை இறுகப் பிடித்தபடி படியிறங்கினாள்.