இடது கால் சாக்ஸ்

எங்கள் பேட்டையான தாமுவேயின் கால்பந்து அணியில் பந்தைப் பிரித்துக் கொடுத்துவந்தவன் நான். நான் இடது கால் சாக்ஸை இழுத்துவிட்டால் பந்து வலது ஓரத்துக்குப் போகும். இப்படிப் பல சைகைகளைப் பழக்கியவர் எங்கள் பயிற்சியாளர். வாத்தியார் என்ற பொருளில் சயா என்றுதான் கூப்பிடுவோம்.

புது பூட்ஸ் கிடைக்கிறதென்று பக்கத்துப் பேட்டை தின்கன்ஜூன் அணிக்குத் தாவினேன். சைகைகளையும் அவர்களிடம் ஒப்பித்துவிட்டேன்.

அடுத்த மாதமே தாமுவேயுடன் ஆட்டம். என் இடத்தில் ஆடியவன் இடது சாக்ஸை இழுத்தான். அதே சைகை! ஒவ்வொரு முறையும் பந்தைப் பறித்தோம், ஜெயித்தோம்.

முடிந்ததும் சயாவிடம் போனேன். "நான் போனப்புறமும் சைகைய ஏன் சயா மாத்தல?"

"பசங்க மாத்தத்தான் சொன்னாங்க. நாந்தான் வேணாம்னேன். நீ சொல்லுவேன்னு நெனைக்கலப்பா."

கோபமாகவாவது சொல்லியிருக்கலாம்.

இன்றும் டிவியில் எந்த ஆட்டக்காரனாவது சாக்ஸை இழுத்துவிட்டால், என் தலை தானாகக் குனிந்துகொள்கிறது.