அப்பா ஜெயித்த வழக்கு

அப்பா இல்லாமல் ஓர் ஆண்டைக் கடத்திவிட்டோம். முதலாம் ஆண்டு திருப்பலிக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். இதுபோன்ற மலர்களில் இறந்தவர்கள் எல்லாரும் புனிதர்கள்தான். நகைச்சுவை எழுதிப் பிழைப்பவனிடம் கட்டுரை கேட்டது என் தங்கையின் பிழை.

அகரத்தில் வெங்காயம் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்த அப்பா, மதுரையில் சட்டம் படித்து, திண்டுக்கல்லில் கிரிமினல் வக்கீலானார். பொய் வழக்கில் சிக்கிய ஏழைகள் பலரை மீட்டார். அவர்களில் சிலர் இன்று இங்கே இருக்கிறீர்கள். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் அப்பா முதலில் சொல்வது இதுதான்: "செஞ்சியா செய்யலையானு நான் கேக்க மாட்டேன். நீயும் சொல்லிராத." பாவசங்கீர்த்தனத்தில் செய்த பாவத்தையெல்லாம் கேட்டாக வேண்டிய சாமியாருக்கு இந்த வசதி கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசியில், வடமதுரைப் பக்கம், கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் ஒரு விவசாயி வெட்டுப்பட்டு இறந்தார். பக்கத்துத் தோட்டக்காரர் மீது வழக்கு. கண்ணால் பார்த்த ஒரே சாட்சி, இறந்தவரின் மனைவி. தோட்டக்காரருக்காக அப்பா குறுக்கு விசாரணை செய்தார். விடுமுறைக்கு வந்திருந்த நான் பின்வரிசையில் இருந்தேன்.

"அழுதுகிட்டே ஓடியாந்தேன்னு சொல்றீங்களே தாயி, கண்ணு நெறையத் தண்ணிய வச்சுக்கிட்டு மூஞ்சி எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

"தெரிஞ்சுச்சுய்யா."

"மொதல்ல அழுகையா, மொதல்ல மூஞ்சியா?"

அந்த அம்மா நீதிபதி பக்கம் திரும்பினார். "இப்பிடிக் கேட்டா எனக்கு ஒண்ணும் வெளங்கலயே சாமி."

யாரோ சிரித்தார்கள். வழக்கு அங்கேயே முடிந்தது.

விடுதலைத் தீர்ப்பு வந்த மாலை, கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் தோட்டக்காரர் அப்பாவின் காலில் விழுந்து எழுந்தார். "அந்தம்மா சொன்னது அம்புட்டும் நெசம்தாங்கய்யா. நீங்க கேட்ட கேள்வியில, நான் வெட்டலையோனு எனக்கே தோணிருச்சு!"

அப்பா டீயை அப்படியே வைத்துவிட்டார். மறுநாள் வேறொரு வழக்குக்குப் போனார். பிறகும் பல ஆண்டுகள் போனார். "நான் இல்லாட்டி நிரபராதிக்கு யாருடா இருக்கா?" என்பார். நியாயம்தான். ஆனால் நாங்கள் கேட்காதபோதெல்லாம் சொன்னார்.

தோட்டக்காரர் நன்றி மறக்கவில்லை. கிறிஸ்துமஸ்தோறும் வாழைத்தாரோடு வந்தார். அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது நான் சென்னையில் ஜோக் எழுதிக்கொண்டிருந்தேன், தங்கை வெளிநாட்டில். அவர்தான் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து தூக்கி உட்காரவைத்தார், துடைத்துவிட்டார், கஞ்சி ஊட்டினார்.

நான் வந்து சேர்ந்த அன்று, அவர் பிளாஸ்க் கழுவப் போன நேரம் பார்த்து அப்பா குழறினார்: "இவன் கை வேணாம்டா."

"வராதீங்கன்னு சொல்லிருங்கப்பா."

"என்னன்னு சொல்ல? கொன்ன கைனா? இல்லைனு நிரூபிச்சவனே நான்தானடா."

அவர் திரும்பி வந்து கரண்டியை நீட்டினார். அப்பா வாயைத் திறந்தார். கடைசி நாள்வரை திறந்தார்.

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பங்குச் சாமியாருக்கும் வக்கீல் நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. கடைசி மாதங்களில் பிள்ளைகள் செய்யாததைச் செய்த அந்தத் தோட்டக்காரருக்கும் நன்றி. சாட்சி சொன்ன வடமதுரை அம்மாவுக்கு இந்த மலரை அனுப்ப எங்களுக்கு முகமில்லை.

திருப்பலிக்குப் பின் மண்டபத்தில் மதிய உணவு. பரிமாறத் தோட்டக்காரரே முன்வந்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல எங்களிடமும் காரணம் இல்லை. சட்டப்படி அவர் நிரபராதி. அனைவரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.