பிளக்ஸில் ஏறிய ஜமீன்

செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில் உள்ள மாந்தோப்புக்கு ஐயாதுரை காவல்காரர். துணைக்கு ஜமீன், பால் வெள்ளையில் ஒரு ராஜபாளையம் நாய். அதன் குரல் கேட்டால் காட்டுப்பன்றிகூட வேலியை நெருங்காது என்பார். அவர் மகள் முனீஸ்வரி அந்த ஊரின் சுகாதாரச் செவிலியர். அவர்கள் தெருவில் முதல் பட்டதாரியும் அவள்தான்.

போன மாதம் ஒரு சிறுமியை நாய் கடித்துவிட்டது. வீட்டார் காயத்தில் மிளகாய்ப்பொடியை அப்பிவிட்டுச் சும்மா இருந்தார்கள். கேள்விப்பட்டு ஓடிய முனீஸ்வரி, சோப்புப் போட்டுக் கழுவி, பிள்ளையை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பிள்ளை பிழைத்தது. நாய்களுக்கு ஊசி, ஊருக்கு வெறிநோய் விளக்கம், இரண்டும் ஒரே நாளில் என்று அப்போதே முடிவெடுத்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று திட்டம் போட உட்கார்ந்தபோது மகளிர் குழுத் தலைவி மைமூன் கேட்டாள்: "எல்லாம் சரி தாயி, ஒங்க வீட்டு ஜமீனுக்கு ஊசி போட்டாச்சா?"

முனீஸ்வரிக்குச் சுருக்கென்றது. போடவில்லை. ஜமீனே வராவிட்டால் வேறு எந்த நாய் வரும்?

வீட்டில் கேட்டபோது ஐயாதுரை எகிறினார். "ஏட்டி, ஊசி போட்டா மோப்பம் போயிரும். இது ராஜபாளையத்து ரத்தம், வெறியெல்லாம் பிடிக்காது. வேணும்னா எனக்குப் போடு."

"மொதல்ல கடி வாங்கிட்டு வாங்க, ஒங்களுக்கும் போடுதேன்!"

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. சாயங்காலமானால் கண்மாய்க்கரையில் நாய்களோடு கூடிப் பெருமையடிக்கும் ஆட்கள், பள்ளிக்கூடத்துக்கு வந்து பேச்சுக் கேட்பார்களா? கால்நடை டாக்டர் வந்து ஊசி போடும் முகாமையும் கூட்டத்தையும் கண்மாய்க்கரைக்கே மாற்றினாள். கூடவே ஓர் அறிவிப்பு: ஊசி போட்ட நாய்க்குப் பஸ் நிறுத்தத்துப் பிளக்ஸில் படம், கீழே வளர்ப்பவர் பெயர்.

ஞாயிறு காலை முதலில் வந்தவர் ஐயாதுரையின் மைத்துனர் கருத்தப்பாண்டி. காது பாதி கிழிந்த அவருடைய நாட்டு நாய் ஊசியை வாங்கிக்கொண்டு ஜம்மென்று படத்துக்கு நின்றது. தள்ளி நின்று வேடிக்கை பார்த்த ஐயாதுரையைப் பார்த்து அவர் கத்தினார்: "அத்தான், ஜமீன் எங்க? பிளக்ஸ்ல எடம் தீந்துரப் போகுது!"

ஐயாதுரைக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, ஒன் நாய் படம் தொங்குத ஊருல என் ஜமீன் இல்லாமலா? நடுவுல போடச் சொல்லு!" வீட்டுக்கு நடந்தார். திரும்பி வரும்போது கயிற்றின் மறுமுனையில் ஜமீன் இருந்தது. அதைப் பார்த்ததும் மற்றவர்களும் தத்தம் நாய்களைப் பிடித்துவரக் கிளம்பினார்கள்.

வரிசையில் நின்றவர்கள் நகர முடியாதே! முனீஸ்வரி அங்கேயே பாடம் எடுத்தாள். அப்பாவின் கையையே நீட்டச் சொல்லி, கரையோரக் குழாயில் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவிக் காட்டினாள். "மிளகா வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம். கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"பொண்டாட்டிகூட என்னைய இப்படித் தேச்சதில்ல," என்றார் ஐயாதுரை. கரையே சிரித்தது.

பிளக்ஸ் கட்டிய அன்று நடுவில் ஜமீன் நின்றது. எழுத்துத் தெரியாத ஐயாதுரை கருத்தப்பாண்டியை இழுத்து நிறுத்தினார்.

"எல்லாத்துக்கும் அடியில என்னலே போட்டிருக்கு?"

"நிகழ்ச்சித் திட்டம்: ஐ. முனீஸ்வரி, பி.எஸ்சி. நர்சிங்."

ஜமீனைப் பார்க்கத்தான் வந்திருந்தார். இப்போது அவர் கண் அந்தக் கடைசி வரியை விட்டு நகரவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இன்னொருக்க வாசி. செத்த சத்தமா."