தொண்ணூறு டிகிரி முழங்கால்

அம்மாவின் வலது முழங்காலை மாற்றி ஐந்தாவது வாரம், பரண்மேல் கிடந்த என் பத்தாம் வகுப்பு ஜியாமெட்ரி பாக்ஸை இறக்கினேன். காம்பஸ் துருப்பிடித்திருந்தது. பாகைமானி மட்டும் பழுதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்த படிப்பு வீட்டுக்கு நேரடியாக உதவப்போகிறது என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

தஞ்சாவூரில் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்: “ஆறு வாரம் கழிச்சு வர்றப்ப முட்டி தொண்ணூறு டிகிரி மடங்கணும். இல்லன்னா மறுபடி மயக்க மருந்து குடுத்து நாங்கதான் மடக்கணும்.”

கத்திக்குப் பயப்படாத அம்மா மயக்க மருந்துக்குப் பயந்தாள்.

“கண்ணு முழிச்சப்ப உங்கப்பா பேரே ஞாபகத்துக்கு வரலடா.”

“நீ என்னைக்கும்மா அவரு பேரைச் சொன்ன?”

“சொல்லாட்டி என்ன? உள்ள இருக்கணும்ல!”

அவள் நடவு ஆட்களுக்குத் தலைவி. முப்பது வருஷம் சேற்றில் குனிந்து பின்பக்கமாகவே நடந்து நாற்று நட்டவள். கடைசி ஏழு வருஷம் தவிட்டு ஒத்தடம், நொச்சி இலை, மெடிக்கல் கடை மாத்திரை என்று ஓட்டினாள். நடந்தால் முட்டி பொரி மெல்லுகிற மாதிரி சத்தம் போடும். வரப்பில் அவள் வருவது கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும்.

புது முட்டி சத்தம் போடவில்லை. ஆனால் மடங்கவும் இல்லை. தரையில் உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, நாற்காலிதான் என்று உத்தரவு. அங்கேதான் வம்பு. அம்மாவின் முழங்காலுக்குத் தெரிந்தது இரண்டே நிலை. வீட்டில் முழுசாக மடக்கிக் குந்துவது, மிராசுதார் வாசலில் முழுசாக நீட்டி நிற்பது. நடுவில் இருக்கிற தொண்ணூறு, நாற்காலிக்காரர்களின் கோணம். வீட்டில் இருந்த ஒரே நாற்காலி, நான் படிப்பதற்காக வாங்கியது. அதை அவளுக்குக் கொடுத்தால், அதில் உட்கார்ந்து காலைக் கவிழ்த்த வாளிமேல் நீட்டிக்கொண்டாள்.

முதல் நாள் அளந்தபோது நூற்றுப் பன்னிரண்டு! தெருவுக்கே சர்க்கரை கொடுத்தேன். பாகைமானியில் உள்வட்டத்து எண்ணுக்குப் பதிலாக வெளிவட்டத்து எண்ணைப் படித்துவிட்டேன் என்பது சாயங்காலம்தான் புரிந்தது. நிஜத்தில் அறுபத்தெட்டு. கொடுத்த சர்க்கரையைத் திரும்பக் கேட்கவா முடியும்?

பிறகு தினமும் அவள் காலில் பேனாவால் கோடு போட்டு அளந்தேன். எழுபத்தொன்று. எழுபத்தாறு. எண்பத்திரண்டில் நின்றுவிட்டது. வலிக்குதுடா என்பாள். ஐஸ் வைத்து, மாத்திரை கொடுத்து, மறுபடி மடக்கச் சொன்னால், “நீ வாத்தியாரா போயிருக்கணும், பிள்ளைங்க தப்பிச்சிடுச்சு” என்பாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக ஒரே நாள் இருந்தது. நடவு முடித்த பெண்கள் ஏழெட்டுப் பேர் சேற்றுக்காலோடு பார்க்க வந்தார்கள்.

“என்னக்கா, கலெக்டரு மாதிரி உக்காந்திருக்க! மனு குடுக்கலாமா?”

“குடுடி. ஆனா வாங்குனவ எந்திரிக்க மாட்டா.”

சிரிப்பு அடங்கியதும் அம்மா கேட்டாள்: “நம்ம வயல் முடிஞ்சிதா?”

எங்கள் நிலம் ஒன்றரை மா, அதாவது அரை ஏக்கர். தாத்தா கொடிபிடித்து, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய் நிலைநிறுத்திய நிலம். வந்தவர்களில் இளையவள் உளறினாள்: “முடிஞ்சிதுக்கா. நாத்து பத்தலன்னு மேலண்டைப் பக்கம் கொஞ்சம் கலக்க நட்டுட்டோம்.”

“கொஞ்சம்னா?”

“ரெண்டு குத்துக்கு நடுவுல மாடு படுக்கலாம்.”

“அடியே! ஆறு வாரம் நான் வராததுக்கு இந்தக் கூத்தா?”

திட்டுவதற்கு எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்க வேண்டுமானால் காலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். வாளி உருண்டது. அம்மாவின் வலது குதிகால் நாற்காலிக்கு அடியில் போனது.

“அம்மா! அப்படியே இரு! எந்திரிக்காத!” தரையில் விழுந்து பாகைமானியை வைத்தேன். “தொண்ணூத்தாறு!”

“எந்த வட்டம்?” என்றாள் அம்மா. நெற்றியில் வியர்வை, கண்ணில் தண்ணீர், வாயில் இன்னும் முடியாத திட்டு.

“உள்வட்டம்மா! சத்தியமா!”

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. ஆளாளுக்குச் சேற்று முழங்காலை மடக்கிக் காட்டி, “எனக்கு எவ்வளவு தம்பி?” என்று வரிசையில் நின்றார்கள். நூற்று முப்பது வந்த ஒருத்தி ஆடியே விட்டாள். அம்மா மட்டும், “அளந்தது போதும், பக்கத்து வயல்ல மிச்ச நாத்து வாங்கி மேலண்டையில இடைவெளி நிரப்புங்கடி. நீயும் போடா” என்றாள். சட்டைப்பையில் பாகைமானியோடு சேற்றில் இறங்கினேன்.

மறுநாள் டாக்டர் தன் கோணமானியை வைத்துப் பார்த்தார். “தொண்ணூத்தஞ்சு. மயக்க மருந்து வேணாம்மா.”

நான் குதிக்காத குறை. அம்மா நகரவில்லை. “தொண்ணூத்தாறுங்க.”

“ஒரு டிகிரிதானேம்மா!”

“அதெப்படிங்க விடுறது? வரப்புல ஒரு சாணுக்கு எங்க மாமனாரு ஜெயிலுக்குப் போயிருக்காரு. தம்பி, பையிலேர்ந்து உன் கணக்குப் பொட்டியை எடு.”

எடுத்தேன். டாக்டர் சிரித்துக்கொண்டே மறுபடியும் குனிந்தார். பக்கத்தில் நானும் மண்டியிட்டு, எந்த வட்டம் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.