இடது கையின் ஐந்து நகங்கள்

முதல் அறிகுறி ஒரு முடிச்சு. வாட்டர் போலோவில் காதுகளை மூடும் தொப்பியைத் தாடைக்குக் கீழே கயிற்றால் கட்டிக்கொள்வோம். பயிற்சி முடிந்து குளத்துப் படியில் உட்கார்ந்து அதை அவிழ்க்கப் பார்த்தேன். வலது கை தாடைவரை எழவில்லை. இடது கையால் தூக்கிக் கொண்டுவந்தேன். விரல்கள் கயிற்றைப் பிடிக்கவில்லை. கயிறு விரலில் படுவதே தெரியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்கீதா இதைப் பார்த்தாள். "இன்னா பியூலா, கை வரலியா? இரு, நான் அவுக்கறேன்" என்று முடிச்சை அவிழ்த்து, தொப்பியைக் கழற்றி என் மடியில் வைத்தாள். சற்று முன்பு தண்ணீருக்குள் என் கையை அந்தக் கதிக்கு ஆளாக்கியவளும் அவள்தான்.

என்னைப் போலக் கை தொங்கிப்போய் மருத்துவமனை பெஞ்சில் காத்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. இருபது மாதம் என்னை நடமாட வைத்தது கோபம். அதை ஒளித்துவைத்து எழுதினால் இது பொய்யாகிவிடும். கை திரும்ப வேண்டும், அவளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே அளவுக்கு விரும்பினேன்.

நடந்தது இதுதான். மாநில அணித் தேர்வுக்கு எட்டு நாள் இருந்தது. எதிரணி கோலுக்கு நேர் முன்னால் நின்று, முதுகில் ஆளைச் சுமந்துகொண்டு பந்து வாங்கி அடிக்கும் இடம் என்னுடையது. அந்த ஒரே இடத்துக்குச் சங்கீதாவும் போட்டி. பயிற்சி ஆட்டத்தில் அவள் எனக்குப் பின்னால் காவல். பந்துக்காக வலது கையை உயர்த்தினேன். பந்து வராமல் மறுபக்கம் போனது. எல்லோர் கண்ணும் அதோடு போனது. உயர்த்திய கையின் மணிக்கட்டை அவள் பிடித்தாள். முழங்காலை என் தோள்பட்டை எலும்பில் ஊன்றிக் கையை மேலும் பின்னுமாக இழுத்தாள். கழுத்திலிருந்து விரல் நுனிவரை மின்சாரம் பாய்ந்தது மாதிரி இருந்தது. தண்ணீருக்குள் கத்தினேன். தண்ணீருக்குள் கத்தினால் குமிழிதான் வரும்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே ரயிலில் வருகிறவர்கள். நான் ஆவடியில் ஏறுவேன், அவள் அம்பத்தூரில் ஏறுவாள். என் அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தில் பாதி அவளுடையது. அதனால்தான் ஆத்திரம் இன்னும் அதிகம்.

அரசு மருத்துவமனையில் டாக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். பிரேக்கியல் பிளெக்ஸஸ் (கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கொத்து) இழுபட்டிருக்கிறது என்றார். மூன்றாவது வாரம் ஈ.எம்.ஜி. (தசைக்குள் ஊசி செலுத்தி, நரம்பின் கட்டளை அங்கே வந்து சேர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். நரம்பு முழுசாக அறுந்து போகவில்லை, உள்ளே இழைகள் பழுதாகியிருக்கின்றன, அவை மறுபடி வளர வேண்டும் என்று தெரிந்தது.

எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன்.

"நல்லா போனா ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும்மா. கழுத்துலேர்ந்து விரல் வரைக்கும் எவ்வளவு தூரம்னு நீயே அளந்து பாரு" என்றார்.

ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் தையல் நாடாவை எடுத்து அளந்தேன். எழுநூறு மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு வருடம். நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டேன். ஆட்டத்தின் எட்டு நிமிடக் கால்பகுதிகளாகவே காலத்தைப் பார்த்துப் பழகியவள் நான்.

அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயத்த ஆடைக் கம்பெனியில் பொத்தான் துளை தைக்கும் காஜா மெஷின் ஓட்டுகிறாள். வேலைக்குப் போவதற்கு முன்பு என்னைக் குளிப்பாட்டி, தலை பின்னி, கையைத் தாங்கும் தோள் தூளியை மாட்டிவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆராதனை முடிந்து வந்ததும் நகம் வெட்டிவிடுவாள். வலது கை நகங்களை நானே இடது கையால் வெட்டிக்கொள்ளலாம். இடது கை நகங்களுக்குத்தான் அம்மா வேண்டும். வலது கையால் நகவெட்டியை அமுக்க முடியாது. வலது கை செயலற்றுப் போனால் இடது கையும் பாதி போய்விடுகிறது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தேர்வின் முடிவு மூன்றாவது மாதம் வந்தது, சங்கீதா அணியில் எடுக்கப்பட்டாள். ஏழாவது மாதம் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலையும் வந்தது. ஒரு பெட்டி மைசூர்பாகு கொடுத்தனுப்பினாள். அம்மா வேண்டாமென்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கி வைத்துவிட்டாள். நான் அதை அப்படியே தெருநாய்க்குப் போட்டேன். அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அந்த வருடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

சபையில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது, பிறர் குற்றத்தை நாங்கள் மன்னிக்கிறோம் என்கிற வரி வந்தால் வாயை மூடிக்கொள்வேன். அம்மா முழங்கையால் இடிப்பாள். இடித்துக்கொள்ளட்டும் என்று நிற்பேன்.

மாநில அணியில் பத்து வருடம் தாக்குப்பிடித்த அக்காக்களோடு ஆடியிருக்கிறேன். யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டேன். அடி வாங்கியதும் திருப்பி அடிக்கிறவளை நடுவர் வெளியே அனுப்பிவிடுவார். நல்ல ஆட்டக்காரி சிரித்துக்கொண்டே நீந்திப் போவாள். மூன்றாவது கால்பகுதியில், எல்லோருக்கும் மூச்சு வாங்கும்போது, தண்ணீருக்கு அடியில் அவளுடைய பதில் போய்ச் சேரும். இன்னொன்று, எக்பீட்டர் (நின்ற இடத்திலேயே மிதக்க இரண்டு கால்களையும் எதிரெதிராகச் சுழற்றுவது) நிற்கவே கூடாது. கால் ஓடினால் கைக்கு வேலை இல்லாதபோதும் மூழ்க மாட்டோம். காலையில் நாற்காலியில் உட்கார்ந்து, தரையில் படாமல் கால்களைச் சுழற்றுவேன். பக்கத்து வீட்டு அக்கா, பெண்ணுக்குத் தலையிலும் அடி பட்டிருக்குமோ என்று அம்மாவிடம் விசாரித்தாராம்.

பன்னிரண்டாவது மாதம் கட்டைவிரல் அசைந்தது. பிசியோதெரபி மேடம் முதலில் துணி கிளிப் கொடுத்தார், பிறகு நகவெட்டி கொடுத்தார். தினமும் ஐம்பது முறை அமுக்கச் சொன்னார். அது பாதிதான் இறங்கும். நகம் வெட்டும் அளவுக்குப் பலம் வரவில்லை.

பதினாறாவது மாதம் பழைய ஆட்டக்காரிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அம்பத்தூர் பக்கம் ஒரு புதுக் குளம் திறக்கிறார்கள், நான்கு மாதம் கழித்து ஒரு கண்காட்சி ஆட்டம், இரண்டு அணி. எதிரணித் தலைவி சங்கீதா. நீந்த டாக்டர் அனுமதித்திருந்தார். ஆட அனுமதி கேட்டால் மறுத்துவிடுவார் என்பதால் கேட்கவில்லை. பெயரைக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா நகவெட்டியோடு வந்தபோது, இடது கை நகம் இருக்கட்டும், வளர்க்கப் போகிறேன் என்றேன்.

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்து வயதிலிருந்து ஒட்ட வெட்டிய நகத்தோடு அலைந்த பெண். "இப்பத்தான் பொம்பளப் புள்ள கை மாதிரி கீது" என்று சொல்லி, மறுநாள் வேலை முடிந்து வரும்போது ரோஸ் கலரில் நெயில் பாலிஷ் வாங்கிவந்தாள். அவளே பூசியும் விட்டாள். நான் அந்த ஐந்து நகங்களையும் எதற்கு வளர்த்தேன் என்று அவளுக்குத் தெரியாது. சங்கீதாவின் விலாவில் எந்த இடம் என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

நகவெட்டிப் பயிற்சியை நிறுத்திவிட்டேன். நகவெட்டி கண்ணில் பட்டால் அம்மா பழக்கதோஷத்தில் எடுத்து வெட்டிவிடுவாளோ என்று பயந்து அலமாரிக்குப் பின்னால் போட்டேன். பிசியோ மேடம் கேட்டபோது இன்னும் அமுக்க வரவில்லை என்று பொய் சொன்னேன். வலது கையில் நரம்பு வளர்ந்துகொண்டிருந்தது, இடது கையில் நகம் வளர்ந்துகொண்டிருந்தது. நான் நகத்தை மட்டும்தான் தினமும் பார்த்தேன்.

எந்த வாட்டர் போலோ ஆட்டத்திலும் இறங்குவதற்கு முன்பு எல்லோரையும் வரிசையில் நிறுத்தி நடுவர் நகம் பார்ப்பார். இது எனக்குத் தெரியாமல் இல்லை. கண்காட்சி ஆட்டத்தில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். வந்த நடுவர் பழைய காலத்துக் கண்டிப்பு. என் முன்னால் வந்து, இடது கையைத் திருப்பி, ரோஸ் நிறத்தில் மினுமினுத்த ஐந்து நகங்களையும் பார்த்தார்.

"ஆட வந்தியா, கல்யாணத்துக்கு வந்தியா? அஞ்சு நிமிஷம் டைம். வெட்டு, இல்லன்னா வெளிய போ" என்று ஒரு நகவெட்டியை என் கையில் வைத்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். எதிர் வரிசையில் சங்கீதா மட்டும் சிரிக்கவில்லை. அவள் என் நகங்களைப் பார்த்தாள். பிறகு என் வலது கையைப் பார்த்தாள். வரிசையை விட்டு என்னிடம் வந்தாள்.

"எனக்காகத்தானே வளத்தே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒனக்காகத்தான்."

"கை அமுக்க வராதுல்ல. குடு, நான் வெட்டி உடறேன்" என்று கையை நீட்டினாள்.

தொப்பி முடிச்சை அவிழ்த்த அதே விரல்கள். இரண்டாவது முறையும் இவள் எனக்கு உதவி செய்துவிட்டுப் போவதா? நகவெட்டியை வலது கையில் எடுத்தேன். கட்டைவிரல் நகத்தில் வைத்து அமுக்கினேன். வழுக்கியது. மறுபடி அமுக்கினேன், பாதிதான் இறங்கியது. மூன்றாவது முறை டக்கென்று சத்தம் கேட்டது. ரோஸ் துண்டு ஒன்று ஈரத் தரையில் விழுந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்றைக்கு வந்தது இந்தப் பலம்? போன வாரமா, இரண்டு மாதம் முன்பா? எனக்குத் தெரியாது. என் கை திரும்பிவந்த நாளை நான் தவறவிட்டிருக்கிறேன். மீதி நான்கையும் வெட்டினேன். சங்கீதா அங்கேயே நின்று ஐந்து சத்தத்தையும் கேட்டாள். "அன்னிக்கி நானு..." என்று தொடங்கினாள். விசில் ஊதிவிட்டது. அந்த வாக்கியத்தின் மீதியைத் தெரிந்துகொள்ள எனக்கு இன்றுவரை ஆசை இல்லை.

நகமில்லாத கைகளோடு தண்ணீரில் இறங்கினேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் வர வேண்டிய ஆள். வரவில்லை. மூன்று மீட்டர் தள்ளியே மிதந்தாள். கரையிலிருந்து அவளுடைய பயிற்சியாளர் கிட்டே போகச் சொல்லிக் கத்தினார். நான் திரும்பி அவளைப் பார்த்து இடது கையைத் தண்ணீருக்குள் இறக்குவேன், அவ்வளவுதான், அவள் இன்னும் பின்வாங்குவாள். முதல் கால்பகுதி முழுவதும் அப்படியே. மாநில அணி ஆட்டக்காரி, முந்நூறு பேர் எதிரில், ஒரு நொண்டிக் கைக்காரியிடம் நெருங்கப் பயந்தாள். எட்டு நிமிடத்தில் என் தோள் தளர்ந்துவிட்டது, கரையேறிவிட்டேன். அவள் பயந்தது தித்திப்பாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. அது போதவில்லை என்பதையும் மறைக்கப் போவதில்லை.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினார். நரம்பு மறுபடி இழுபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்கினார். பிசியோ மேடம் திட்டவில்லை, அதுதான் சுட்டது. என் வலது சுண்டுவிரல் இன்னும் மரத்துப்போயிருக்கிறது. நான் சும்மா இருந்த அந்த நான்கு மாதமும் பயிற்சி செய்திருந்தால் விரல்களின் பலம் இதைவிடக் கூடியிருக்குமா என்று அவரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஆகவே நீங்கள் கோபப்படுங்கள், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. நகவெட்டியை மட்டும் அலமாரிக்குப் பின்னால் போடாதீர்கள்.

இப்போது நேரத்தை நிமிடத்தில் எண்ணுவதில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இருக்கிறது, அது உள்ளே எங்கேயோ நம்மைக் கேட்காமல் நகர்கிறது. சுண்டுவிரலைத் தொட்டால் வேறு யாருடைய விரலையோ தொட்ட மாதிரி இருக்கிறது. அதற்கும் பழகிவருகிறேன்.

சபையில் அந்த ஒரு வரிக்கு இன்னும் வாய் திறப்பதில்லை. அம்மாவும் இடிப்பதை விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் நகவெட்டியை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்காருகிறேன். வலது கையால் இடது கை நகங்களைச் சுண்டுவிரலிலிருந்து தொடங்கி வெட்டுகிறேன். கட்டைவிரல் கடைசியில் வரும். அதை வெட்டுவதற்கு முன்பு, இந்த ஒன்றை மட்டும் அவளுக்காக வளரவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசிக்கிறேன். பிறகு வெட்டிவிடுகிறேன்.