உரல் இருந்த பள்ளம்

மொன்றியலில் ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் ஞானேந்திரனின் வீட்டைத் தேடிப் போகிறவர்களுக்கு வீட்டு இலக்கம் தேவையில்லை. எந்த வீட்டின் கார் ஏறும் தார் டிரைவ்வே மற்ற எல்லாவற்றையும்விடக் கறுப்பாக இருக்கிறதோ, அதுதான் அவருடைய வீடு. மற்றவர்கள் மூன்று நான்கு வருடங்களுக்கு ஒருமுறை தாருக்குச் சீலர் என்ற கறுப்புப் பூச்சைப் பூசுவார்கள். சிலர் பூசுவதேயில்லை. தார் சாம்பல் நிறமாகி, வெடித்து, வெடிப்பில் புல் முளைத்து, அந்தப் புல்லில் பூவும் பூத்துக் கிடக்கும். அதைப் பார்த்தால் ஞானேந்திரனுக்கு வயிறு எரியும். மாலையில் நடக்கப் போகும்போது, அயலவர் வீட்டு வெடிப்பிலுள்ள புல்லையும் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து பிடுங்கிவிடுகிற மனிதர் அவர்.

ஒவ்வொரு யூலையும் அவருக்கு ஒரு திருவிழா. முதலில் புல்லை வேரோடு கிள்ளுவார். கார் ஒழுகவிட்ட எண்ணெய்க் கறையைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பார். குழாயைப் பிடித்து முழுவதையும் கழுவி, ஒரு நாள் காயவிட்டு, வெடிப்புகளுக்குத் தார் ஊற்றி, அதுவும் இறுகிய பிறகுதான் சீலர் வாளியைத் திறப்பார். கராஜ் வாசலில் தொடங்கி, நீளப்பிடித் தூரிகையால் இழுத்து இழுத்துப் பின்னோக்கி நடந்து தெருவுக்கு வந்து சேருவார். பிறகு இரண்டு கதிரைகளைப் போட்டு இடையில் கயிறு கட்டிவிட்டு, அணில்கூட உள்ளே போகாதபடி வாசலில் காவல் இருப்பார். பக்கத்து வீட்டு றேமோன், வருடா வருடம் பூசினால் ஒரு நாள் தோல் மாதிரி உரிந்து வரும் என்று பிரெஞ்சில் எச்சரிப்பார். ஞானேந்திரன் "வீ, வீ" என்று பிரெஞ்சிலேயே ஆமாம் போட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த வருடமும் பூசுவார்.

இத்தனைக்கும் திருகோணமலையில் இருந்தவரை அவர் கையில் தூரிகை பிடித்ததில்லை. அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர். மொன்றியலுக்கு வந்து லாசாலில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கியவர். அவரும் மனைவி மீனாம்பிகையும் முதலில் இருந்தது கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், மூன்றாம் மாடியில். அங்கே சொந்தமாக ஒரு சதுர அடி நிலம்கூட இல்லை. பிறகு ஒரு வாசலும் அதற்கு முன்னால் ஒரு கறுப்புப் பாயும் தனக்கென்று கிடைத்தபோது, மனிதர் அதன்மேல் பித்துப்பிடித்துப் போனதில் குற்றம் சொல்ல முடியாது.

அந்தக் கோட்-டெ-நெய்ஜ் காலத்திலேயே மீனாம்பிகையின் கல்லுரல் வந்துவிட்டது. ஊரிலிருந்து தமையன் மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பியிருந்தார். வந்த அன்றே மீனாம்பிகை அரிசியை ஊறப்போட்டு இடிக்கத் தொடங்க, கீழ்வீட்டு மனுசி கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டுக் கூரையைக் குத்தினார். மேலே இவர் இடிக்க, கீழே அவர் குத்த, இரண்டு உலக்கையும் தாளம் தப்பாமல் கொஞ்ச நேரம் நடந்தது. அதற்குப் பிறகு உரல் பல்கனியில் பூச்சாடி வைக்கிற பீடமானது. மீனாம்பிகை அதைத் துடைக்கும்போதெல்லாம், "எங்களுக்கெண்டு ஒரு நிலம் வரட்டும்" என்று அதற்கே ஆறுதல் சொல்லுவார்.

ஊரே வீடு மாறும் யூலை முதலாம் திகதியில் இவர்களும் மாறினார்கள். வீட்டை விற்றவர் நல்ல விலை போகட்டும் என்று அந்த வசந்தத்தில்தான் டிரைவ்வேக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தார். இரண்டு கிழமையில் ஆடிப்பிறப்பு வந்தது. ஆடிக்கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் மாவிடிக்க வேண்டும். கீழ்வீடு என்று ஒன்று இல்லாத வீடு. மீனாம்பிகைக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. உரலைக் கராஜுக்கு முன்னால் நடு டிரைவ்வேயில் இறக்கச் செய்தார். கோட்-டெ-நெய்ஜிலிருந்து தோழிகள் ரயிலில் வந்திறங்கினார்கள். தோல் உரிகிற வெயில். ஒருத்தி மாற்றி ஒருத்தியாக உலக்கை போட்டார்கள். அரிதட்டில் மா தும்பைப்பூவாக விழுந்தது. தெருவில் நாயோடு போன வெள்ளைக்காரர்கள் நின்று பார்த்தார்கள். மீனாம்பிகை அவர்களுக்கும் கூழ் வார்த்துக் கொடுத்தார். அந்தத் தெருவில் யாரும் அப்படி ஒரு சிரிப்புச் சத்தத்தை அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்கள்.

உரலை உள்ளே எடுக்க ஒருவருக்கும் நினைவில்லை. காலையில் ஞானேந்திரன் வந்து பார்த்தால், அது இளந்தாரில் நாலு விரல் ஆழத்துக்கு இறங்கி, முளைத்த மரம் மாதிரி நின்றது. றேமோனும் அவர் மகன்களும் வந்து கட்டை போட்டு நெம்பித்தான் எடுத்தார்கள். எடுத்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்டமாக ஒரு பள்ளம்.

"புதுத் தாரைப் பழுதாக்கிப்போட்டீரே!" என்று ஞானேந்திரன் கத்தினார்.

"வீட்டுக்குத் தாரோ, தாருக்கு வீடோ?" என்று கேட்டுவிட்டு மீனாம்பிகை மிச்சக் கொழுக்கட்டையைச் சூடாக்கப் போய்விட்டார்.

அன்று தொடங்கியது யுத்தம். உரலுக்கு அடியில் பலகை போட வேண்டும் என்று சட்டம் வந்தது. சீலரை ஆடிப்பிறப்புக்கு முன் பூசுவதா, பின் பூசுவதா என்று ஒவ்வொரு யூலையும் வழக்கு நடக்கும். முன் பூசினால் சிந்துகிற மா கறுப்பில் ஒட்டும். பின் பூசுவதென்றால் மழை பிடித்துவிடும். பள்ளத்தையும் அவர் சும்மா விடவில்லை. கடையில் பையில் விற்கிற தார்ச்சல்லியை வாங்கி நிரப்பி, காரை ஏற்றி மிதித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். பனிக்காலம் வரும். அடியில் போன தண்ணீர் உறைந்து வீங்கும். வசந்தத்தில் பார்த்தால் அவர் போட்டது முழுசாகத் தோசை மாதிரிக் கிளம்பிக் கிடக்கும். பள்ளம் பழைய இடத்தில் பழையபடி சிரிக்கும்.

ஒரு கட்டத்தில் நிரப்புவதை விட்டுவிட்டார். இந்த நாட்டுக் குளிரோடு மல்லுக்கட்ட முடியாது என்றுதான் வெளியில் சொன்னார். உண்மை வேறு. அந்தப் பள்ளம் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. மழை நின்றதும் அதில் தண்ணீர் வட்டமாக நிற்கும். குருவிகள் வந்து குளிக்கும். மகள் லோஜினி மூன்று சில்லுச் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வந்து வேண்டுமென்றே அதற்குள் விட்டுச் சேறடிப்பாள். அவளுடைய கலியாண நாளில், நிறைகுடம் வைத்த மேசையைப் பார்த்தபடி வந்த மாப்பிள்ளை அதற்குள் கால் வைத்துப் பட்டு வேட்டியை நனைத்தார். அந்தப் படம் இப்போதும் கூடத்தில் தொங்குகிறது. மற்ற வெடிப்புகளையெல்லாம் விழுந்து விழுந்து அடைக்கிறவர், அந்தப் பள்ளத்துக்கு மட்டும் தூரிகையால் மெல்ல உள்ளுக்குள்ளும் சீலர் தடவிவிட்டுப் போவார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

போன ஏப்ரலில் மீனாம்பிகை அதில்தான் விழுந்தார். பகலில் உருகிய பனி பள்ளத்தில் தேங்கிச் சுற்றிலும் வழிந்து, இரவில் கண்ணாடியாய் உறைந்திருந்தது. குப்பைப்பையோடு போனவருக்கு அது தெரியவில்லை. இடுப்பெலும்பு உடைந்தது. சத்திரசிகிச்சை முடிந்து, பிறகு கிழமைக் கணக்கில் மறுவாழ்வு நிலையத்தில் நடை பழக வேண்டியிருந்தது. ஞானேந்திரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பஸ் பிடித்துப் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மீனாம்பிகையே, "என்ர கண் பார்க்கேல்லையப்பா. நீங்கள் ஏன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறியள்?" என்பார். அது அவருக்கு இன்னும் சுட்டது. நிரப்பியிருக்கலாமே, வருடா வருடம் கிளம்பினாலும் நிரப்பியிருக்கலாமே என்று மனம் அரித்தது.

லோஜினி சுற்றி வளைக்காமல் பேசுகிற பிள்ளை.

"அப்பா, லாசாலில ஒரு அபார்ட்மென்ட் பார்த்து வைச்சிருக்கிறன். லிப்ட் இருக்கு. ஸ்னோ அள்ளத் தேவையில்லை. அம்மா வோக்கரோட வரப்போறா. இந்த டிரைவ்வேயில அவவை நடக்க விட எனக்கு ஏலாது."

"வீட்டை விக்கச் சொல்லுறியோ?"

"அம்மா வாற நேரம் இது சேஃபா இருந்தா, கதைப்பம். இல்லையெண்டா நான் விடமாட்டன்."

மீனாம்பிகை மறுபடியும் ஒரு மாடியில், யாருடைய தலைக்கு மேலோ, சத்தம் போடாமல் நடப்பதை ஞானேந்திரன் நினைத்துப் பார்த்தார். மனம் ஒப்பவில்லை.

இந்த முறை மேலால் பூசி ஏமாற்றுகிற வேலை இல்லை. பள்ளத்தைச் சுற்றிச் சதுரமாகக் கோடு போட்டு, உளியும் சுத்தியலுமாக விளிம்பை வெட்டினார். வெட்டிய துண்டை நெம்பி எடுத்தபோது அது மூன்றாக உடைந்தது. வட்டம் போய்விட்டது. இத்தனை வருடச் சீலர் அதன்மேல் ஏடு ஏடாக ஒட்டியிருந்தது. ஞானேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு துண்டுத் தாருக்காக அழுத மனிதர் மொன்றியலில் வேறு யாரும் இருக்க முடியாது. மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, அடிமண் தெரியும்வரை தோண்டினார். சரளை போட்டு இடித்து, தார்ச்சல்லியை மெல்லிய படையாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் தனித்தனியே இடித்து இறுக்கினார். இடிக்க ஆயுதம் தேடிக் கராஜுக்குள் போனபோது மூலையில் நின்ற உலக்கை கண்ணில் பட்டது. பூண் போட்ட, கனமான, இதற்கென்றே செய்ததுபோன்ற உலக்கை. கை நீட்டியவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அரிசி இடிக்கிறதைத் தாருக்குள் விட்டதாகத் தெரிந்தால், மீனாம்பிகை வோக்கரையும் எறிந்துவிட்டு அவரைத் துரத்துவார். றேமோனிடம் மண் இறுக்கும் இரும்புத் திமிசு இரவல் வாங்கி வந்தார்.

கடைசியில் முழு டிரைவ்வேக்கும் சீலர் பூசி, கயிறு கட்டி, காயவைத்தார். எங்கே பள்ளம் இருந்தது என்று அவரே தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆடிப்பிறப்புக்கு முதல் நாள் மீனாம்பிகை வந்தார். லோஜினி காரை நிறுத்தியதும் இறங்கி, தன் காலால் அந்த இடத்தை அழுத்தி, தேய்த்து, முன்னும் பின்னும் நடந்து பார்த்தாள். ஞானேந்திரன் பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். மீனாம்பிகை வோக்கரை ஊன்றி மெல்ல மெல்ல நடந்தார். சில்லு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. கராஜுக்குக் கிட்ட வந்ததும் தானாகவே கொஞ்சம் விலகித் திரும்பினார். இருபது வருடத்துக்கு மேலாகப் பள்ளத்துக்கு விலத்தி நடந்து பழகிய கால்.

"இதில கிடந்த பள்ளம் எங்கயப்பா?"

"மூடிட்டன். அடி வரைக்கும் வெட்டி மூடினது. இனிக் கிளம்பாது."

மீனாம்பிகை குனிந்து பார்த்தார். "நல்லாத்தான் செய்திருக்கிறியள்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நானும் அண்டைக்கு இதில வைச்சு எவ்வளவு சந்தோசமா இடிச்சனான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

"சரி அப்பா" என்றாள் லோஜினி. "லாசாலை இப்ப விடுவம். வின்ரருக்கு ஸ்னோ அள்ள ஆள் பிடிக்கோணும். நீங்கள் அள்ளக்கூடாது."

அடுத்த நாள் காலை அவள் தமிழ்க்கடையில் வாங்கிய அரிசிமாப் பக்கெற்றை மேசையில் வைத்தாள். மீனாம்பிகை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாங்கினது வாங்கிப்போட்டாய், வை" என்றார். அந்தக் குரல் ஞானேந்திரனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் அரிசியை ஊறப்போட்டார். வெயில் ஏறியதும் உரலைச் சின்னத் தள்ளுவண்டியில் சரித்து வெளியே கொண்டுவந்து, வேலிப்பக்கமாக, வோக்கர் போகாத ஓரத்தில் இறக்கினார். மீனாம்பிகைக்கு நிழலில் கதிரை போட்டுக் கொடுத்து, உலக்கையைத் தானே எடுத்தார்.

"பலகையை மறந்திட்டியள்" என்றார் மீனாம்பிகை.

"மறக்கேல்லை."

"இப்பதான் பூசினது. உங்கட தார் பழுதாப்போம்."

"போகட்டும்."

மீனாம்பிகை அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "உலக்கையை உப்பிடியோ பிடிக்கிறது? கையை இன்னும் மேல வையுங்கோ. அரிசியைத்தான் குத்தவேணும், உரலையில்லை" என்று தொடங்கினார். ஞானேந்திரன் வியர்த்து விறுவிறுத்து இடித்தார். மா பாதி கட்டியாகவும் பாதி குறுணியாகவும் வந்தது. லோஜினி அரித்து அரித்துக் களைத்தாள். கடைசியில் கடைமாவும் கலந்துதான் கூழ் காய்ச்ச முடிந்தது. றேமோன் வேலிக்கு மேலால் கோப்பையை நீட்டினார்.

கூழ் குடித்து முடிந்து சாமான்களை உள்ளே எடுக்கும்போது லோஜினி உரலைப் பார்த்தாள்.

"அப்பா, இதை எடுக்கேல்லையா? வெயிலுக்கு இறங்கப்போகுது."

"அது அண்டைக்குப் புதுத் தார், பிள்ளை. பஞ்சு மாதிரி ஒரு நாளில பதிஞ்சிட்டுது. இது எங்களோட சேர்ந்து இறுகின தார். லேசில இறங்காது." ஞானேந்திரன் கையால் உரலின் விளிம்பைத் தடவினார். "இருக்கட்டும். ஆடி முழுக்க இருக்கட்டும்."

மீனாம்பிகை வெறும் கோப்பையை அவரிடம் நீட்டி, இன்னும் கொஞ்சம் கூழ் வார்க்கச் சொன்னார்.