ஒரே பேரில் எத்தனை புத்தேந்தல்

மண்டபத்தில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில், என் நாற்காலிக்குப் பின்னால் ராமநாதபுரம் ஜில்லாவின் படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. துணியில் ஒட்டிய பழைய படம். உப்புக் காற்றில் அதன் ஓரங்கள் பொடிந்து உதிரும். கிழக்கே தனுஷ்கோடி மணலில் தொடங்கி மேற்கே ராஜபாளையத்து மலையடிவாரம் வரைக்கும் அப்போது ஒரே ஜில்லாதான். கடல், கரிசல், செம்மண், மலை எல்லாவற்றையும் ஒரே பேருக்குள் அடக்கி வைத்திருந்தார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட நம் ஆட்கள் ராமேஸ்வரத்தில் கப்பலைவிட்டு இறங்கி, ரயிலில் பாம்பன் பாலம் தாண்டி மண்டபம் வருவார்கள். பூர்வீக ஊர் எது என்று கேட்டு எழுதுவது என் வேலை. சொந்த ஊருக்கே போகிறோம் என்பவர்களுக்கு நான் எழுதியதுதான் ஊர்.

ஆனால் எங்கள் சீமையில் மழைக்குத்தான் பஞ்சம் என்றில்லை, ஊர்ப் பேருக்கும் பஞ்சம். ஏந்தல் என்றால் மழைத் தண்ணீரைத் தேக்கி வைக்கிற சின்னக் கண்மாய். பழையது தூர்ந்துபோனால் புதிதாக ஒன்றை வெட்டி அதன் கரையில் குடியேறுவார்கள். ஊர் புத்தேந்தல் ஆகிவிடும். அடுத்த பஞ்சத்தில் அங்கிருந்து பிழைக்கப் போனவர்கள் இன்னோர் இடத்தில் வெட்டுவார்கள், அதுவும் புத்தேந்தல்தான். கிராமப் பட்டியலில் அந்தப் பேர் தாலுகாவுக்குத் தாலுகா தலைகாட்டும். எங்கள் ஜில்லாவின் திருப்பத்தூருக்கே வட ஆர்க்காட்டில் ஒரு ஜோடி உண்டு என்னும்போது இந்தச் சின்ன ஊர்களைச் சொல்லி என்ன செய்ய? இதில் வேடிக்கை, ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் உலகத்தில் அந்தப் பேரில் தன் ஊர் ஒன்றுதான். நானும் அப்படித்தான் இருந்தேன். கமுதிப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு புத்தேந்தல் இருந்தது.

தோட்டத்து அண்ணன் என்று நான் பிறகு மனதுக்குள் பேர் வைத்துக்கொண்டவர் மனைவியோடும் இரண்டு பெண்களோடும் என் மேஜை முன் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். கம்பளிக் கோட்டை அந்த வெயிலிலும் கழற்றவில்லை. ஊர் புத்தேந்தல் என்றதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நம்ம ஊர்ப் பக்கம்தான் அண்ணே என்று சொல்லிக்கொண்டே கமுதி என்று எழுத ஆரம்பித்துவிட்டேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். தாத்தாவைக் கேட்காமல் அவருடைய அண்ணன் காளையை விற்றுவிட்டாராம். அந்தக் கோபத்தில் தாத்தா கட்டின துணியோடு கண்டிச்சீமைக்கு, அதாவது இலங்கைக்கு, கப்பலேறினாராம். கடைசியாக அவர் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

“மழை பேஞ்சா எங்க ஊருக் கம்மாத் தண்ணி தேத்தண்ணி மாதிரி செவந்து கெடக்கும்னு தாத்தா சொல்லுவாருங்கம்மா.”

கமுதிப் பக்கம் கரிசல். மழை பெய்தால் கண்மாயில் தண்ணீர் கறுத்துக் கலங்கும். அந்தத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள் நான். காதில் விழுந்ததைக் கை கேட்கவில்லை. முத்திரை குத்திக் கொடுத்துவிட்டேன்.

நாலு மாதம் கழித்து அவர் தனியாக வந்தார். கமுதிப் புத்தேந்தல்காரர்கள் நல்ல மாதிரியாகத்தான் நடத்தியிருக்கிறார்கள். குடிசை போட இடம் விட்டிருக்கிறார்கள், களை எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆடியில் அம்மனுக்கு முளைப்பாரி போட்டபோதுதான் சிக்கல் வந்தது. வீட்டுக்கு ஒரு சட்டி என்று பயறு முளைக்கப்போட்டு, வளர்ந்ததும் பெண்கள் தலையில் சுமந்துபோய்க் கண்மாயில் கரைப்பார்கள். அந்த வரிசையில் சட்டி இருந்தால்தான் ஊரில் அந்த வீடு இருக்கிறது என்று அர்த்தம். நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பதும் அதைத்தான். இவருடைய பெண்கள் ஆசையாகச் சட்டி வாங்கி வைத்திருந்தார்கள். இவர் வம்சத்தை அங்கே யாருக்கும் தெரியவில்லை என்பதால் ஊர்ப் பெரியவர் வந்து பதமாகச் சொல்லியிருக்கிறார்.

“ஒங்க சாமி எங்கன இருக்குன்னு வெசாரிச்சுட்டு வாங்கய்யா. அங்கன போயி ஒங்க பிள்ளைக சட்டி தூக்கட்டும்.”

நான் எழுதிய படிவத்தில் ஊர், தாலுகா, ஜில்லா எல்லாம் கேட்டிருந்தது. சாமி எது என்று கேட்க அதில் இடமில்லை. ஆனால் எனக்கு வாய் இருந்ததே. அவர் பேசப்பேசக் கண்மாய் சிவந்து கண்ணில் தெரிந்தது, தப்பு எங்கே என்றும் தெரிந்துவிட்டது. தகுதிகாண் பருவம் முடிய எனக்கு இன்னும் சில மாதம் இருந்தது. விசாரிக்காமல் ஊரை எழுதினேன் என்று மேலே போனால் என்ன ஆகும் என்று பயந்தேன். ஊர் அதுதான் அண்ணே, அவங்களுக்குத்தான் பழசு மறந்துபோச்சு என்று சொன்னேன். அவர் என்னை நம்பினார். கும்பிட்டுவிட்டுப் போனார். மறு வருஷம் நான் ஊருக்குப் போனபோது, அந்தக் குடும்பம் நீலகிரிப் பக்கம் தேயிலை பறிக்கப் போய்விட்டது என்றார்கள். கப்பலேறி வந்து மறுபடியும் தேயிலைக்கே போயிருக்கிறார்கள்.

அதன்பிறகு எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. எந்த அலுவலகத்துக்கு மாற்றினாலும் முதல் வேலையாகக் கிராமப் பட்டியலை எடுத்துப் புத்தேந்தலைத் தேடுவேன். எண்பதுகளின் நடுவில் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரே படத்தில் கிடந்த புத்தேந்தல்கள் ஆளுக்கொரு மாவட்டமாகச் சிதறின. ராமநாதபுரம் என்று தாத்தா சொன்னதை நம்பித் தேடுகிறவன், தாத்தாவின் ஊர் இப்போது வேறு மாவட்டத்தில் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பான்?

நான் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். சிவகங்கைக்கு மாற்றலாகிப் போன சில வருஷத்தில், முதியோர் ஓய்வூதிய மனு ஒன்றை விசாரிக்க ஒரு புத்தேந்தலுக்குப் போனேன். முந்தின நாள் மழை. பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கண்மாயைப் பார்த்தேன், தண்ணீர் தேத்தண்ணி மாதிரி சிவந்து கிடந்தது. மனு போட்ட அம்மாவின் வீட்டு இருட்டறையில் முளைப்பாரி வளர்ந்துகொண்டிருந்தது. ஆண்கள் அங்கே எட்டிப் பார்க்கக் கூடாது. நான் பெண் என்பதால் உள்ளே கூட்டிப்போனார். ஒரே வீட்டுக்கு எப்படி இரண்டு சட்டி என்று கேட்டேன்.

“இது கண்டிக்குப் போனவுக சட்டி. காளைய வித்த சண்டையில எங்க வீட்டுக்காரரோட தாத்தா தம்பி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. அவரு வாரிசு வார வரைக்கும் வருசம் தவறாம ஒரு சட்டி போடணும்னு தாத்தா சொல்லிட்டுச் செத்தாரு. எங்க பிள்ளைகதான் சேத்துத் தூக்குதுக.”

வெளியே வந்ததும் அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். பேச்சுவாக்கில் நான் மண்டபத்தில் வேலை பார்த்ததைச் சொல்லிவிட்டேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அங்கன எங்காளுக யாராச்சும் வந்து எறங்குனா, இங்கிட்டு அனுப்பி விடுங்கம்மா.”

சரி என்றேன். கப்பல் நின்று பல வருஷமாகியிருந்தது அவருக்குத் தெரியாது. அவர்கள் வந்தார்கள், நான்தான் வேறு புத்தேந்தலுக்கு அனுப்பினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விடுப்புப் போட்டுவிட்டுக் குன்னூர், கோத்தகிரி என்று மூன்று தடவை அலைந்தேன். எந்தத் தோட்டத்திலும் அவர்களைத் தெரிந்தவர்கள் அகப்படவில்லை.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். என் வேலையை இனி யாரும் பறிக்க முடியாது, பயப்பட ஒன்றுமில்லை. அந்த அம்மாவுக்கும் தள்ளாத வயது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வோர் ஆடியிலும் சிவகங்கை பஸ்ஸில் ஏறி உட்காருகிறேன். பாதி வழியில் பரமக்குடி வந்ததும் இறங்கிவிடுகிறேன்.